வீட்டுக் குழந்தைகளைப் பார்த்தே படிக்கலாம்: மனித வளர்ச்சித் தாளுக்கு ஒரு வழிகாட்டி

மனித வளர்ச்சியும் மேம்பாடும் என்ற தாளை முதல்முறை எழுதப்போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். பி.எட்., நர்சிங், மனையியல், சமூகப்பணி என எந்தப் படிப்பில் வந்தாலும் இந்தத் தாளின் உள்ளடக்கம் பெரும்பாலும் ஒன்றுதான். தொண்டியிலிருந்து மூக்கையூர் வரையுள்ள நம் கடற்கரை ஊர்களில், வீட்டின் முதல் பட்டதாரியாக வரப்போகிற பிள்ளைகள் இந்தத் தாளைக் கண்டு மிரள்வதைப் பார்க்கும்போது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. பாடநூலில் உள்ள கருத்துகளில் முக்கால்வாசி அவர்கள் வீட்டுத் திண்ணையிலும் தெருவிலும் அன்றாடம் நடக்கின்றன. அதைப் பார்க்காமல் பெயரையும் வயதையும் மட்டும் உருப்போடுவதால்தான் தேர்வறையில் உளவியலாளர்கள் எரிக்சனும் பியாஜேயும் ஒருவரோடு ஒருவர் கலந்துபோகிறார்கள்.

ழான் பியாஜே (1896–1980) தம் சொந்தக் குழந்தைகள் மூவரையும் அருகில் இருந்து கவனித்து, குறிப்பெடுத்து, அதிலிருந்துதான் மழலைப் பருவச் சிந்தனை பற்றிய தம் கருத்துகளை உருவாக்கினார். நம் வீடுகளில் அக்காவின் கைக்குழந்தை, பக்கத்து வீட்டு யு.கே.ஜி. பையன், பத்தாம் வகுப்புத் தம்பி, வெற்றிலை இடிக்கும் அப்பத்தா என்று எல்லா வயதிலும் ஆள் உண்டு. தேர்வுக்கு மூன்று வாரம் இருக்கும்போது தொடங்கினால் நிதானமாக முடிக்கலாம்.

முதல் வேலை: ஒரே தாளில் வயதுக் கோடு

பாடநூலைத் திறப்பதற்கு முன் கடந்த சில ஆண்டு வினாத்தாள்களைச் சேகரியுங்கள். சீனியர்களிடம் கேட்டால் கிடைக்கும். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, பழைய மாதக் காலண்டர் தாள் ஒன்றைத் திருப்பி அகலவாக்கில் வையுங்கள். மேலே இடமிருந்து வலமாக ஒரு கோடு போட்டு, கருவுற்ற நாள், பிறப்பு, 1, 2, 3, 6, 7, 11, 12, 18, 40, 65 என்று வயதைக் குறியுங்கள். கோட்டுக்குக் கீழே அறிஞர் ஒவ்வொருவருக்கும் ஒரு வரிசை. பிராய்டு, எரிக்சன், பியாஜே மூவரையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதும்போது பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். மூன்று முதல் ஆறு வயது வரையுள்ள இடத்தைப் பாருங்கள். எரிக்சனிடம் அது தானாக முன்வந்து செய்யும் முனைப்புக்கும் குற்ற உணர்வுக்கும் இடையிலான கட்டம். பியாஜேயிடம் அது இரண்டு முதல் ஏழு வரை நீளும் செயலுக்கு முற்பட்ட நிலையின் நடுப்பகுதி. ஒரே குழந்தையை ஒருவர் உணர்வின் பக்கத்திலிருந்தும் மற்றவர் சிந்தனையின் பக்கத்திலிருந்தும் பார்க்கிறார். இது பிடிபட்டால் ‘ஒப்பிடுக’ என்ற கேள்விக்கு அஞ்ச வேண்டியதில்லை.

கலைச்சொற்களை உங்கள் பாடநூலில் உள்ளபடியே தாளில் எழுதுங்கள். நூலுக்கு நூல் தமிழ்ச் சொற்கள் வேறுபடும். திருத்துபவர் உங்கள் பாடநூலைத்தான் வைத்திருப்பார்.

உடல் வளர்ச்சி: எண்களை அங்கன்வாடியில் படியுங்கள்

வளர்ச்சி என்பது அளக்கக்கூடியது: உயரம், எடை, தலைச்சுற்றளவு. அது முதிர்ச்சியோடு நின்றுவிடும். மேம்பாடு என்பது திறனிலும் தன்மையிலும் வரும் மாற்றம். அது வாழ்நாள் முழுவதும் தொடரும். இந்த இரண்டு மதிப்பெண் கேள்வி எப்படியும் வரும்.

கருவில் வளரும் காலத்தை மூன்றாகப் பிரியுங்கள். முதல் இரண்டு வாரம் கருமுட்டைப் பருவம், மூன்றாவது வாரம் முதல் எட்டாவது வாரம் வரை இளங்கருப் பருவம், ஒன்பதாவது வாரம் முதல் பிறப்பு வரை முதிர்கருப் பருவம். உறுப்புகள் உருவாவது இரண்டாவதில். அதனால்தான் மருந்து, மது, கதிர்வீச்சு ஆகியவற்றின் பாதிப்பு அப்போது மிகக் கடுமையாக இருக்கிறது. காரணத்தோடு எழுதினால் மதிப்பெண் கூடும்.

பிறந்தபின் வரும் எண்களுக்கு ஊர் அங்கன்வாடியில் எடை போடும் நாளன்று போய் உட்காருங்கள். பணியாளரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். பிறக்கும்போது 2.5 கிலோவுக்குக் கீழே இருந்தால் எடைக்குறைவு. ஐந்தாறு மாதத்தில் பிறந்த எடை இரு மடங்காகும், ஓராண்டில் மும்மடங்காகும். நீளம் பிறப்பில் ஏறத்தாழ 50 செ.மீ., ஓராண்டில் 75 செ.மீ. ஊட்டக்குறைவைக் கண்டறிய மேல்கையைச் சுற்றி ஒரு மூவண்ண நாடாவை வைத்து அளப்பார்கள். ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்கு 11.5 செ.மீ.க்குக் கீழே சிவப்பு, 12.5 வரை மஞ்சள், அதற்கு மேல் பச்சை. அந்த நாடாவை ஒருமுறை கையில் வாங்கிப் பார்த்தவருக்கு இந்த எண்கள் மறக்காது.

தலையிலிருந்து கால் நோக்கியும் உடலின் நடுவிலிருந்து விரல்நுனி நோக்கியும் கட்டுப்பாடு வரும் என்ற இரு விதிகளுக்குத் தமிழ் வழியில் படிப்பவர்களிடம் ஏற்கெனவே ஒரு துணை இருக்கிறது: பிள்ளைத்தமிழ். பள்ளியில் படித்த பருவங்களை நினைத்துப் பாருங்கள். ஐந்தாம் மாதத்துச் செங்கீரையில் குழந்தை கையை ஊன்றி, ஒரு காலை மடக்கி, மறுகாலை நீட்டித் தலைநிமிர்ந்து ஆடுகிறது. ஒன்பதாம் மாதத்துச் சப்பாணியில் உட்கார்ந்து கைகொட்டுகிறது. ஓராண்டை ஒட்டிய வருகைப் பருவத்தில் தளிர்நடை போடுகிறது. முதலில் தலையும் கழுத்தும், பிறகு முதுகும் கையும், கடைசியில் காலும் குழந்தையின் வசமாகின்றன. புலவர்கள் பாடிவைத்த வரிசையும் மருத்துவ நூல் தரும் வரிசையும் ஒத்துப்போவதைப் பார்க்கும்போது எனக்கு இன்னமும் மகிழ்ச்சியாக இருக்கிறது. விடைத்தாளில் பாடநூல் மாதங்களையே எழுதுங்கள். பிள்ளைத்தமிழுக்கு ஒரு வரி போதும்.

பியாஜே: சோழியை வைத்துச் செய்து பாருங்கள்

இந்தப் பகுதிக்கு மட்டும் இரண்டு மாலைப் பொழுதை ஒதுக்குங்கள். நான்கு ஐந்து வயதில் ஒரு குழந்தையும் எட்டு வயதில் ஒரு குழந்தையும் வேண்டும். தாயிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். கரையில் பொறுக்கிய சோழியோ சிப்பியோ பன்னிரண்டு எடுத்து, ஆறு ஆறாக இரண்டு வரிசையில் நேருக்கு நேர் அடுக்குங்கள். "இரண்டு வரிசையிலும் ஒரே அளவு இருக்கிறதா?" என்று கேளுங்கள். "ஆமாம்" என்று குழந்தை ஒப்புக்கொண்ட பிறகு, அது பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு வரிசையை மட்டும் அகலமாகப் பரப்புங்கள். எதையும் சேர்க்கவோ எடுக்கவோ கூடாது. மறுபடியும் அதே கேள்வி.

சின்னக் குழந்தை பெரும்பாலும் நீண்ட வரிசையைத் தொட்டு, "இதில்தான் நிறைய இருக்கிறது, அக்கா" என்று சொல்லும். எண்ணச் சொன்னால் இரண்டிலும் ஆறு என்று சரியாக எண்ணிவிட்டு, அதன்பிறகும் நீண்டதுதான் அதிகம் என்று சொல்லும் குழந்தைகள் உண்டு. அங்கேதான் நீங்கள் கூர்ந்து கவனிக்க வேண்டும். எண்ணத் தெரிவதும் எண்ணிக்கை மாறாது என்று புரிவதும் வேறு வேறு. எட்டு வயதுக் குழந்தையோ "நீங்கள் தள்ளித் தள்ளி வைத்தீர்கள், அவ்வளவுதானே" என்று காரணத்தையே சொல்லிவிடும். முதல் குழந்தை செயலுக்கு முற்பட்ட நிலையில் இருக்கிறது. இரண்டாவது, ஏழு முதல் பதினொன்று வரையுள்ள பருப்பொருள் செயல் நிலைக்கு வந்துவிட்டது. சின்னக் குழந்தையைத் திருத்தாதீர்கள், சிரிக்காதீர்கள். அது தவறு செய்யவில்லை. அதன் வயதுக்கு உரிய முறையில் சிந்திக்கிறது.

தன்மையப் பார்வைக்கு எடுத்துக்காட்டு கீழக்கரையில் எந்தத் தெருவிலும் கிடைக்கும். வளைகுடா நாட்டில் இருக்கும் வாப்பா தொலைபேசியில் "சாப்பிட்டாயா?" என்று கேட்கிறார். மூன்று வயதுப் பிள்ளை வாய் திறக்காமல் தலையை மட்டும் ஆட்டுகிறது. தனக்குத் தெரிவது அவருக்கும் தெரியும் என்பது அதன் கணக்கு. இதைச் சுயநலம் என்று விடைத்தாளில் எழுதிவிடாதீர்கள்.

புலன் இயக்க நிலைக்கு (பிறப்பு முதல் 2 வரை) கைக்குட்டையால் பொம்மையை மூடி, மறைந்த பொருள் இன்னும் அங்கே இருக்கிறது என்று குழந்தைக்குப் புரிகிறதா எனப் பார்க்கும் சோதனை போதும். பதினொரு வயதுக்கு மேல் வரும் முறைசார் செயல் நிலைக்கு ‘இப்படி இருந்தால் என்ன ஆகும்’ என்று கண்முன் இல்லாததை வைத்து யோசிக்கும் திறனைக் குறிப்பிடுங்கள். கைக்குழந்தைகளின் திறனைப் பியாஜே குறைத்து மதிப்பிட்டார் என்று பின்வந்த ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். இந்த ஒரு வரி விமர்சனத்தை விட்டுவிடாதீர்கள்.

வைகாட்ஸ்கியும் (1896–1934) பியாஜே பிறந்த அதே ஆண்டில் பிறந்தவர். பனையோலைப் பெட்டி முடையும் வீட்டில் ஏழு வயதுப் பெண்குழந்தைக்கு ஓலையைக் குறுக்கும் நெடுக்குமாகக் கோக்கத் தெரியும். மூலையை மடக்கத் தெரியாது. அப்பத்தா விரலைப் பிடித்து ஒருமுறை மடக்கிக் காட்டினால் அடுத்த மூலையைத் தானே மடக்குவாள். தனியாக முடிவதற்கும் துணையோடு முடிவதற்கும் இடையிலுள்ள அந்த இடம்தான் வைகாட்ஸ்கி சொன்ன அண்மை வளர்ச்சி மண்டலம். இப்படித் தேவையான அளவு மட்டும் துணைநிற்கும் ‘சாரம் கட்டுதல்’ என்ற கருத்தை வைகாட்ஸ்கியின் பெயரில் எழுதுகிறவர்கள் பலர். அதை 1976இல் முன்வைத்தவர்கள் வுட், புரூனர், ராஸ் ஆகிய மூவர்.

பற்றுப்பிணைப்பும் எரிக்சனும்

குழந்தைக்கும் அதை வளர்ப்பவருக்கும் இடையிலான பற்றுப்பிணைப்பு என்ற கருத்தைப் பௌல்பி தந்தார், மேரி அயின்ஸ்வொர்த் அதைச் சோதிக்கும் முறையைத் தந்தார். தாய் அறையைவிட்டு வெளியே போய்த் திரும்பி வரும் அந்தச் சோதனையில் முக்கியமானது, தாய் போகும்போது குழந்தை அழுததா என்பதைவிட, திரும்பி வந்ததும் என்ன செய்தது என்பதுதான். ஓடிவந்து ஒட்டிக்கொண்டு அமைதியாகிவிட்டால் பாதுகாப்பான பிணைப்பு. முகத்தைத் திருப்பிக்கொண்டால் தவிர்க்கும் வகை. தூக்கச் சொல்லி அழுது, தூக்கியதும் உதறினால் இருமன வகை. இரண்டு ஆண்டுக்குப் பிறகு வெளிநாட்டிலிருந்து வந்த தந்தையைக் கண்டு குழந்தை உம்மாவின் பின்னால் ஒளிந்தால் அதை இந்த வகைகளில் அடைக்க வேண்டாம். அது முகம் பழகாத தயக்கம், நாள்போக்கில் சரியாகும்.

எரிக்சனின் (1902–1994) எட்டுக் கட்டங்களை ஒப்புவிக்க எல்லோராலும் முடியும். மதிப்பெண் கிடைப்பது விளக்கத்தில். ஒவ்வொரு கட்டமும், முதல் கட்டத்தின் நம்பிக்கை – அவநம்பிக்கை போல, ஓர் இழுபறி. நல்ல பக்கம் முழுதாக வென்றுவிட வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. அது மேலோங்கியிருக்க வேண்டும் என்கிறார். எல்லோரையும் நம்பிவிடும் குழந்தைக்கும் ஆபத்துதானே. ஆறு முதல் பன்னிரண்டு வரையுள்ள உழைப்புணர்வு – தாழ்வுணர்வு கட்டத்துக்கு நம் மண்ணிலேயே எடுத்துக்காட்டு இருக்கிறது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இராமேஸ்வரத்தில் ரயில் நிற்பது நிறுத்தப்பட்டபோது, ஓடும் ரயிலிலிருந்து வீசப்பட்ட நாளிதழ்க் கட்டுகளைச் சேகரிக்க உதவித் தம் முதல் வருமானத்தைப் பெற்றார் சிறுவன் அப்துல் கலாம். அந்தப் பெருமிதத்தைப் பெரியவரான பின்னும் அவர் நினைவுகூர்ந்திருக்கிறார். ‘என்னால் முடியும்’ என்ற அந்த உணர்வுதான் எரிக்சன் சொல்லும் திறமையுணர்வு.

பன்னிரண்டு முதல் பதினெட்டு வரையுள்ள அடையாளத் தேடலுக்கு ஜேம்ஸ் மார்சியாவின் நான்கு நிலைகளைச் சேர்த்துப் படியுங்கள்: தேடலும் முடிவும் இல்லாத சிதறல், தேடாமலே முடிவை ஏற்ற அடைப்பு, தேடிக்கொண்டிருக்கும் இடைநிறுத்தம், தேடி அடைந்த முடிவு. அப்பா படகு வைத்திருக்கிறார், ஆகவே நானும் கடலுக்குப் போகிறேன் என்று வேறெதையும் எண்ணிப் பார்க்காமல் போகிறவன் இரண்டாம் நிலையில் இருக்கிறான். வேறு வழிகளையும் யோசித்து, கடல்தான் எனக்கு வேண்டும் என்று முடிவெடுத்துப் போகிறவன் நான்காம் நிலையில். இருவரும் ஏறுவது ஒரே படகில்தான். மீன்பிடித் தொழிலையே பின்தங்கிய நிலைக்கு எடுத்துக்காட்டாக எழுதும் பழக்கத்தை நம் பிள்ளைகளாவது விட்டுவிட வேண்டும் என்பது என் விருப்பம்.

கோல்பர்க்: விடையைவிடக் காரணம்

சரி எது, தவறு எது என்று சிந்திக்கும் முறை ஆறு படிகளில் வளர்கிறது என்றார் கோல்பர்க். நோயாளி மனைவிக்கு மருந்து திருடலாமா என்ற அவருடைய ஹைன்ஸ் கதையைப் பாடநூலில் படித்திருப்பீர்கள். அதையே மண்டபம் பக்கத்துக் கதையாக மாற்றிப் பாருங்கள். கடல் அட்டை என்ற கடல்வாழ் உயிரினம் 2001 முதல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, பிடித்தால் குற்றம். மனைவியின் அறுவைச் சிகிச்சைக்குப் பணமில்லாத ஒருவர் கடல் அட்டை பிடிக்கலாமா?

"கூடாது, சிறையில் போடுவார்கள்" என்பது முதல் படி. "பிடிக்கலாம், அவள் பிழைத்தால்தானே வீட்டைப் பார்த்துக்கொள்வாள்" என்பது இரண்டாவது. "நல்ல கணவன் செய்வான், ஊரும் அதைத்தான் சொல்லும்" என்றால் மூன்றாவது. "ஆளாளுக்கு ஒரு காரணம் சொல்லிப் பிடித்தால் சட்டம் எதற்கு?" என்பது நான்காவது. "சட்டம் எல்லோர் நன்மைக்காகவும் நாம் ஒப்புக்கொண்டது, உயிர்வாழும் உரிமையோடு அது மோதினால் திருத்தக் கேட்க வேண்டும்" என்பது ஐந்தாவது. எந்தச் சட்டத்துக்கும் மேலான அறநெறி ஒன்றை முன்வைத்து, அதற்கான தண்டனையையும் ஏற்கத் துணிவது ஆறாவது. பிடிக்கலாம் என்றோ கூடாது என்றோ எந்தப் படியிலும் சொல்லலாம். படியைத் தீர்மானிப்பது காரணம் மட்டுமே. கோல்பர்க் ஆண்பிள்ளைகளை வைத்தே தம் ஆய்வைத் தொடங்கினார் என்பதையும், அக்கறையின் அடிப்படையில் முடிவெடுக்கும் குரலை அவர் கவனிக்கவில்லை என்று கேரல் கில்லிகன் 1982இல் எழுதியதையும் கடைசிப் பத்தியில் சேருங்கள்.

பிரான்பென்பிரென்னர்: தடைக்காலத்தில் ஒரு வீடு

குழந்தையைச் சுற்றியுள்ள சூழலைப் பிரான்பென்பிரென்னர் ஐந்து அடுக்குகளாகப் பிரித்தார். பலர் வட்டம் வட்டமாகப் படம் போட்டுவிட்டு, உள்ளே என்ன எழுதுவது என்று தெரியாமல் நிற்பது இங்கேதான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். விசைப்படகுக் கூலி ஒருவரின் மகள் ஐந்தாம் வகுப்புப் படிக்கிறாள். அவளும் வீடும் பள்ளியும் தோழிகளும் நேரடியாகப் பழகும் நுண்சூழல். ஆசிரியை தாயை அழைத்துப் பேசினால் அது இடைச்சூழல்: இரண்டு நுண்சூழல்களின் உறவு. துறைமுகத்தில் அவள் கால் வைப்பதே இல்லை, ஆனால் அங்கே படகு நின்றால் வீட்டில் சமையலின் அளவு குறைகிறது, அது புறச்சூழல். தொழில் யாருக்கு, படிப்பு யாருக்கு என்ற ஊர் வழக்கமும் நாட்டின் பொதுவான கொள்கைகளும் பெருஞ்சூழல். இலங்கைக் கடற்படை பிடித்துச்சென்ற தந்தை மாதக்கணக்கில் வராமல் இருப்பதும், 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடியை இழந்த குடும்பங்களின் அடுத்தடுத்த தலைமுறை வேறு ஊரில் வளர்ந்ததும் காலச்சூழல். ஒரே சிறுமியை வைத்து ஐந்து வட்டங்களையும் நிரப்பிவிட்டால் திருத்துபவருக்கு நீங்கள் புரிந்து எழுதியது தெரிந்துவிடும்.

பாதியில் நிறுத்தாதீர்கள்

குமரப் பருவத்தோடு படிப்பை நிறுத்துகிறவர்கள் எளிதான மதிப்பெண்ணை விடுகிறார்கள். நாற்பதை ஒட்டி வரும் வெள்ளெழுத்து, மாதவிடாய் நிற்றல், எரிக்சனின் ஏழாம் எட்டாம் கட்டங்கள், மரணத்தை எதிர்கொள்வது பற்றிக் குப்ளர்-ராஸ் 1969இல் சொன்ன ஐந்து நிலைகள் (அவை வரிசை தவறாமல் வரவேண்டும் என்பதில்லை) ஆகியவற்றை ஒரே மாலையில் முடிக்கலாம். முதுமையில் புதிய கணக்கை வேகமாகப் போடும் திறன் குறைகிறது, சேர்த்துவைத்த அறிவு நிலைக்கிறது என்பதற்கு, முகத்தில் படும் காற்றை வைத்தே இது கச்சான், இது வாடை என்று சொல்லும் தாத்தாவை எழுதுங்கள்.

பார்க்கப் போகும் இடத்தில் எந்தக் குழந்தைக்கும் பெயர்சூட்டி முடிவு சொல்லாதீர்கள். ஒன்பது மாதத்தில் நடப்பதும் பதினைந்து மாதத்தில் நடப்பதும் இயல்புதான். பதினெட்டு மாதம் கடந்தும் நடக்கவில்லை, கூப்பிட்டால் திரும்பவில்லை என்பது போல ஏதாவது கண்ணில் பட்டால் தாயைப் பயமுறுத்தாமல் கிராம சுகாதாரச் செவிலியரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

கடைசி வாரம்

இனிப் படித்ததையே மறுபடி படிக்காதீர்கள். காலண்டர் தாளை மூடிவிட்டு, வெற்றுத் தாளில் வயதுக் கோட்டை நினைவிலிருந்து போடுங்கள். விட்டுப்போனதைச் சிவப்பு மையில் நிரப்புங்கள். மறுநாளும், இரண்டு நாள் கழித்தும் அதையே செய்யுங்கள். மீண்டும் வாசிப்பதைவிட நினைவிலிருந்து எடுத்து எழுதுவது நீண்ட நாள் நிற்கும். தடைக்காலத்தில் வீட்டில் ஆண்கள் எல்லோரும் இருப்பதால் பகலில் சத்தம் ஓயாது. விடியற்காலைதான் நமக்கு வாய்த்த நேரம். இராமேஸ்வரத்திலிருந்து இராமநாதபுரத்துக்கு பஸ்ஸில் போகும் ஒரு மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணத்தில் தோழியோடு மாறி மாறிக் கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்.

பத்து மதிப்பெண் விடைக்கு இந்த வரிசையைக் கைக்கொள்ளுங்கள்: இரண்டு வரி விளக்கம், கட்டங்கள் வயதோடு, ஒரு கட்டத்துக்கு மட்டும் நீங்கள் கண்ட எடுத்துக்காட்டு, வகுப்பறையிலோ மருத்துவமனை வார்டிலோ அதன் பயன், ஒரு விமர்சனம். எடுத்துக்காட்டு மூன்று நான்கு வரியைத் தாண்டக் கூடாது; சோழிக் கதை நன்றாக இருக்கிறது என்று பக்கம் முழுவதும் எழுதிவிட்டால் கட்டங்களுக்கு நேரம் இருக்காது. தேர்வறையில் கேள்வித்தாள் கைக்கு வந்ததும் வயதுக் கோட்டை விடைத்தாளின் கடைசிப் பக்கத்தில் பென்சிலால் போட்டுக்கொண்டு, ‘முன்வரைவு’ என்று மேலே எழுதிவிடுங்கள். கடைசிப் பத்து நிமிடத்தில் உங்கள் விடைகளில் உள்ள வயதுகளை அதோடு ஒப்பிட்டுச் சரிபார்த்துவிட்டு, அந்தப் பக்கத்தைக் குறுக்கே அடித்துவிடுங்கள்.